மூன்றாம் ஓலை

இன்றைக்கு மூன்றாம் ஓலை.
அமிர்தநாதர் றெஜினோல்டுக்கும்
சவிரிமுத்து பெர்னதெத்துக்கும்
தடை ஏதும் அறிந்தவர்கள்
அறிவிக்கும்படி சுவாமி கேட்கிறார்.
நாவாந்துறை முழுக்க ஒருமுறை இருமுகிறது.

நான் யன்னலைப் பார்க்கிறேன்.

தெற்குச் சுவரில் மூன்று.
வைக்கோல் பொதிந்த பெட்டிகளில்
பெல்ஜியத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்பார் மூப்பர்.
இத்தாலி என்பார் மூப்பரின் தம்பி.
அந்தச் சண்டையில்
அவர்கள் ஒரு பாஸ்குக் காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள்.

முதலாவது கானாவூர்க் கலியாணம்.
ஆறு கற்சாடிகள். ஊற்றுகிறவன் மணிக்கட்டுவரை சிவப்பு.
மாப்பிள்ளை இருக்கிறான்,
பந்தி விசாரிப்பவன் இருக்கிறான்.
சுவிசேஷத்தில் மணப்பெண்ணுக்கு ஒரு வரி இல்லை.
கண்ணாடிக்காரன் மனமிரங்கி
தூணுக்குப் பின்னால் அரை முகம் வைத்திருக்கிறான்.
முப்பத்தொன்பது வயதுவரை
மற்றவர்களின் கலியாணங்களில் நான் நின்ற இடம் அது:
பாடற்குழு, இரண்டாம் வரிசை, தூண் பக்கம்.

நடு யன்னலை ஷெல் கொண்டுபோனது.
அதில் என்ன படம் என்று ஊர் இன்னும் ஒத்துப்போகவில்லை.
ஈசாக்கிடம் ஒட்டகத்தில் வந்திறங்கும் ரெபேக்கா என்று ஒரு கட்சி.
தோபியாவும் சாராவும்
முதலிரவில் முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள் என்று மற்றது.
மூலையில் மிஞ்சியிருப்பது ஒரு கால்,
மண்ணிறம், முழங்காலுக்குக் கீழே.
மிச்சத்துக்கு
கஸ்தூரியார் வீதியில் வாங்கிய குளியலறைக் கண்ணாடி.

அதன் வெறும் வெள்ளை வெளிச்சம்
டெல்சியாவின் மேல் விழுகிறது.
ஒரே வாங்கில் இருக்கிறோம்,
இடையில் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் விட்டு.
ஒன்பது வயது.
நாலு மாதத்தில் என்னோடு பேசிய சொற்கள்
எண்ணிப் பார்த்தால் ஏழு.
அதில் மூன்று 'வேண்டாம்'.

அவளின் தாய் கிறேஸ்மலரை எனக்குத் தெரியும்.
ஓ எல் வரை ஒரே வகுப்பு.
என் கொம்பாஸ் பெட்டியை இரவல் வாங்கினவள்
திருப்பித் தரவில்லை.
தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை
தோடம்பழம் கொண்டு போனேன்.
பெட்டியைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை.

மூன்றாவது யன்னல், நாசரேத்து.
சூசையப்பர் பலகை அறுக்கிறார்.
தேவதாய் நூல் நூற்கிறா.
பாலன் விளக்குமாற்றோடு நிற்கிறார்.
பறக்கும் மரத்தூளுக்கு மட்டும்
கண்ணாடிக்காரன் நல்ல மஞ்சளைச் செலவழித்திருக்கிறான்.

சூசையப்பரிடம் எனக்குக் கேட்க இருக்கிறது.
ஒரு கனவை நம்பி
வேறொருவருடைய பிள்ளைக்குச் சோறு போட்டீர்.
சுவிசேஷம் முழுக்க ஒரு சொல் பேசவில்லை நீர்.
பிள்ளை முதன்முதலில் 'அப்பா' என்றது எப்போது?
என்ன கேட்டு? தண்ணீரா, ஆணியா?
பன்னிரண்டு வயதில், மூன்று நாள் தேடிக் கண்டபோது
'என் தந்தையின் வீட்டில் இருந்தேன்' என்றதாமே,
உமக்கு முன்னாலேயே.
அந்த நேரத்து உம் முகத்தை
எந்தக் கோயிலிலும் ஒருவரும் வரைந்ததாகத் தெரியவில்லை.

தடை எதுவும் அறிவிக்கப்படவில்லை.
சுவாமி சவக்காலை மதிலுக்குப் போய்விட்டார்:
இருபது பை சீமெந்து குறைகிறது.

'கண் கூசுது' என்கிறாள் டெல்சியா.
என்னிடமா, யன்னலிடமா, தெரியவில்லை.
பிறகு, அரங்கி,
இடையில் இருந்த அந்த ஓர் ஆள் இடத்துக்கு வருகிறாள்.
என் பக்கம் பார்க்கவில்லை.
சூசையப்பரின் மரத்தூள் அவள் முழங்காலில் கிடக்கிறது,
தட்டினாலும் போகாத மஞ்சள்.

கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்
பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

'அது ஒட்டகம் இல்லை' என்கிறாள்,
குரலை இறக்கி, நடு யன்னலைக் காட்டி.
'தோபியாவுக்குப் பின்னால போன நாய்.
நாயின்ர கால் அது.
அம்மா சொன்னவா.'

என் வீட்டார் மூன்று தலைமுறையாக ஒட்டகக் கட்சி.

ஓம், நாய்தான் என்றேன்.